எங்கே போகலாம் என்பதற்கு முன், இன்றைக்கு என்ன திதி?

மழை பிடித்ததிலிருந்து மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. பிள்ளைகளுக்கு லீவு, ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கிறார்கள், வெளியே இப்படிக் கொட்டுகிறது, எங்கே கூட்டிக்கொண்டு போவது? அதனால் இந்த முறை சமையல், முடி உதிர்வு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

டோம்பிவலியிலிருந்து ஒரு வாசகி: கோயம்புத்தூரிலிருந்து சமீபத்தில்தான் இங்கே குடிவந்தோம். ஜூலையில் மாமியார் திருநெல்வேலியிலிருந்து வருகிறார். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. மழை விட்டதும் வெளியே போகலாம் என்கிறார் கணவர். எப்போது விடும்?

விடாதம்மா. ஜூன் இரண்டாம் வாரம் பிடிக்கிற மழை செப்டம்பர் முடிகிறவரை இருக்கும், சில வருஷம் அக்டோபர் முதல் வாரத்தையும் தொட்டுவிட்டுத்தான் போகும். மழை விட்டதும் போகலாம் என்று காத்திருந்தால் மாமியார் ஊருக்குத் திரும்பியே போய்விடுவார். ஆனால் பயப்படவும் வேண்டாம். இங்கே பெரும்பாலான நாட்களில் ஒரு மணி நேரம் பிய்த்துக்கொண்டு ஊற்றும், அப்புறம் வெளிச்சம் வரும், திரும்பவும் ஊற்றும். மும்பைக்காரர்கள் மழையைப் பார்த்து வேலைக்கு லீவு போடுவதில்லை, ஊர் சுற்றுவதற்கு மட்டும் எதற்கு லீவு?

பயப்பட வேண்டிய நேரம் ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் போதும். இந்த நகரத்தின் மழைநீர்க் கால்வாய்கள் கடலில் போய்த்தான் முடிகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் வாய், கடல் ஏறி நிற்கும் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்துகொண்டால் தண்ணீர் போவதற்கு வழி இல்லை, தெருவில்தான் நிற்கும். ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட், அந்தேரி சப்வே, மிலன் சப்வே என்று பெயர்கள் டிவியில் வர ஆரம்பிக்கும், சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில் தண்டவாளம் மூழ்கி சென்ட்ரல் லைன் நின்றுவிடும். டோம்பிவலிக்குத் திரும்ப வேண்டிய உங்களுக்கு அது தான் சிக்கல்.

கடல் எப்போது ஏறும் என்பதை உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே சொல்லிவிடும். அமாவாசை, பௌர்ணமி, அதையொட்டிய இரண்டு மூன்று நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றவும் செய்யும். மும்பைக் கரையில் அந்த நாட்களில் உச்ச ஏற்றம் ஏறக்குறைய நண்பகலிலும் நள்ளிரவிலும் வரும். ஒவ்வொரு நாளும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை தள்ளிக்கொண்டே போய், அஷ்டமி வாக்கில் காலை, மாலை ஆறு மணிப் பக்கம் வந்து நிற்கும், அப்போது ஏற்றமும் குறைவாக இருக்கும். 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னாலேயே வெளியிடுகிறது. செய்தித்தாளில் வரும்போது வெட்டி எடுத்து நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஆக, பௌர்ணமிக்கு மறுநாள், வானிலை மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது என்றால் அன்றைக்கு வீட்டிலேயே வெங்காய பஜ்ஜி போடுங்கள். மஞ்சள் எச்சரிக்கை, சஷ்டி சப்தமி என்றால் தைரியமாகக் கிளம்புங்கள். இரண்டுக்கும் நடுவிலான நாள் என்றால், கடல் ஏறுகிற நேரத்தில் ரயிலில் இருக்காமல் ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே இருக்கிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் இடம் பைகுலா. ஃபாஸ்ட் லோக்கலே நிற்கும், ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம் இறங்கினால் ராணி பாக் மிருகக்காட்சி சாலை பக்கம்தான். வீர்மாதா ஜிஜாபாய் போஸ்லே உத்யான் என்பது அதிகாரப்பூர்வப் பெயர், ரிக்‌ஷாவே வராத அந்தப் பகுதியில் டாக்சிக்காரரிடம் ராணி பாக் என்றால் போதும். உங்கள் சின்னவனுக்கு அங்கே பென்குயின் இருக்கிறது. பெரு, சிலி நாட்டுக் கரையோரங்களைச் சேர்ந்த ஹம்போல்ட் வகை, 2016-ல் தென்கொரியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 16-லிருந்து 18 டிகிரி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் அது பாய்கிற வேகத்தைப் பார்த்தால் நடக்கும்போது தள்ளாடியது இதுதானா என்று பெரியவர்களுக்கே சந்தேகம் வரும். மழை வலுத்தால் அதே வளாகத்தில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம். 1872-ல் திறந்த கட்டடம், பச்சையும் தங்கமுமாக இரும்புத் தூண்கள். மாடியில் பழைய பம்பாயில் யார் யார் எப்படி உடுத்தினார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று சின்னச் சின்ன மண் பொம்மைகளாக வைத்திருக்கிறார்கள். நவராத்திரிக்குக் கொலு வைக்கிற குடும்பத்துப் பாட்டி அந்த மாடியை விட்டு லேசில் இறங்க மாட்டார்.

வெளியே வரும்போது தோட்டத்தில் நிற்கும் கல் யானையைக் காட்ட மறக்காதீர்கள். எலிஃபன்டா தீவுக்குப் போர்த்துக்கீசியர் அந்தப் பெயர் வைக்கக் காரணமான யானை அதுதான். இங்கிலாந்துக்கு எடுத்துப்போகத் தூக்கியபோது விழுந்து உடைந்தது, பிறகு 1914-ல் துண்டுகளைச் சேர்த்து நிறுத்தினார்கள், ஒட்டுப்போட்ட கோடுகள் கிட்டே போனால் இன்னும் தெரியும். உங்கள் மகளுக்கு 11 வயது என்றீர்களே, அந்தக் கோடுகளை அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று, புதன்கிழமை போய்விடாதீர்கள். பூங்கா, அருங்காட்சியகம் இரண்டுக்குமே அன்றுதான் விடுமுறை.

முலுண்டிலிருந்து ஒரு அப்பா: ஹை டைட் நாளில் மெரீன் டிரைவில் அலை சாலைவரை வந்து அடிக்கும், பார்க்கவே பிரமாதமாக இருக்கும் என்று கல்லூரியில் படிக்கும் மகன் கூப்பிடுகிறான். குடும்பமாகப் போய் நனைந்துவிட்டு வரலாமா?

பார்க்கலாம் சார், நனைய வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அந்தச் சுவரைத் தாண்டி வருவது வெறும் தண்ணீர் இல்லை. கடலில் இருக்கும் கல், பிளாஸ்டிக், மரத்துண்டு எல்லாம் சேர்ந்து வந்து அடிக்கும். மறுநாள் நடைபாதையில் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் புரியும். சுவருக்கு வெளியே கிடக்கும் நாலு கால் கான்கிரீட் கட்டைகள், டெட்ராபாட் என்பார்கள், அலையின் வேகத்தை உடைப்பதற்காகப் போட்டவை. உட்கார்ந்து போட்டோ எடுப்பதற்காக அல்ல. பாசி பிடித்துக் கிடக்கும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஆள் உள்ளே போகிற அளவுக்குச் சந்து இருக்கும், உள்ளே விழுந்தவரை அலை அடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே எடுப்பது தீயணைப்புப் படைக்கே கஷ்டம். பாந்திரா பேண்ட்ஸ்டாண்ட் பாறைகள் இதைவிட மோசம், ஏனென்றால் கடல் வற்றியிருக்கும்போது நடந்து உள்ளே போய்விடலாம், பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே பின்னால் தண்ணீர் சூழ்ந்துவிடும். வருஷா வருஷம் யாராவது ஒரு வீட்டுப் பிள்ளை போகிறது. உங்கள் மகனிடம் அதட்டாமல் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிடுங்கள்.

பார்க்க ஆசை என்றால் சாலைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில், கட்டடங்களின் ஓரம் நின்று பாருங்கள். அந்தக் கட்டடங்களையும் பாருங்கள், வளைந்த பால்கனியும் கப்பல் மாதிரி முகப்புமாக இருக்கும் அந்த ஆர்ட் டெக்கோ வரிசை ஓவல் மைதானத்துக் கட்டடங்களோடு சேர்ந்து 2018-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இல்லையென்றால் மலபார் ஹில் ஏறி கமலா நேரு பூங்காவுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து மெரீன் டிரைவின் வளைவு முழுதும் தெரியும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூட்ஸ் வடிவ வீட்டுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள், அலை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதும் அங்கிருந்தே தெரியும்.

இன்னொன்று. மழைக்காலத்தில் ஜுஹுவிலும் கிர்காவ் சௌபாட்டியிலும் நீல நிறத்தில் காற்றடைத்த சின்னப் பை போல ஒன்று மணலில் ஒதுங்கிக் கிடக்கும். பிள்ளைகள் பலூன் என்று கையில் எடுப்பார்கள். அது ப்ளூ பாட்டில், ஜெல்லி மீன் மாதிரி ஒரு கடல் உயிரி, செத்துக் கிடந்தாலும் அதன் நூல் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருப்பதை ஏதாவது அட்டையால் எடுத்துவிட்டு, தாங்குகிற சூட்டில் வெந்நீர் விட்டு டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினால் தாமதிக்கவே கூடாது.

அந்தேரியிலிருந்து ஒரு வாசகர்: என் பையனுக்கு 8 வயது. ஜுஹு என்றாலே, பேல்பூரி சாப்பிட்டு வந்துவிடுவோம், அதில் என்ன இருக்கிறது என்கிறான். வேறு கடற்கரை சொல்லுங்களேன்.

அதே கடற்கரைக்கு வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். மழைக்காலம் முடிந்த பிறகு, நவம்பரிலிருந்து மே வரை, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாள். முன்னால் சொன்ன கணக்குப்படி நண்பகலில் ஏற்றம் என்றால் காலை, மாலை ஆறு ஏழு மணி வாக்கில் கடல் நன்றாக வற்றியிருக்கும். சரியான நிமிஷத்துக்கு போனில் டைட் டேபிள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜுஹுவில் வற்றிய ஈர மணலில் மிளகைவிடச் சின்னதும் கொஞ்சம் பெரியதுமாக ஆயிரக்கணக்கில் மணல் உருண்டைகள் கிடக்கும். நடுவில் ஒரு துளை, அதிலிருந்து நாலா பக்கமும் கோடு கோடாக உருண்டைகள். குந்தி உட்கார்ந்து அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு வெளியே வரும், மணலை வாயில் வைத்து அதில் ஒட்டியிருக்கும் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை உருட்டிப் பின்னால் தள்ளும். அடுத்தது, அடுத்தது என்று நிற்காமல் உருட்டும். கடல் ஏறி வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும், அடுத்த முறை வற்றும்போது திரும்பவும் முதலிலிருந்து. நிழல் பட்டாலே உள்ளே ஓடிவிடும் என்பதால் எட்டு வயதுப் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். பேல்பூரியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பாறைக்கரை பார்க்க வேண்டுமென்றால் ஹாஜி அலி பக்கம். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் சாமந்தி, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு, நட்சத்திர மீன், அதிர்ஷ்டம் இருந்தால் கட்டை விரல் அளவுக்கு ஒரு கணவாய்க் குஞ்சு. மரைன் லைஃப் ஆஃப் மும்பை என்று ஒரு குழு 2017-லிருந்து பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு இப்படிக் கரைநடை போகிறார்கள், எது எதுவென்று சொல்லித்தருகிறார்கள். முதல் தடவை அவர்களோடு போவதுதான் நல்லது. வார் வைத்த பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ஹவாய் செருப்பு வேண்டாம், பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் பிளேடு போலக் கிழிக்கும். எதையும் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்கவே கூடாது, உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசி போடும். தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் வெளியே வந்துவிட வேண்டும். தர்காவுக்குப் போகும் பாதையே கடல் ஏறும்போது மூழ்கிவிடும் இடம் அது.

ஆக்ஸா பக்கம் மட்டும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். எந்தக் காலமானாலும் சரி. உள்ளிழுப்பு அதிகம் உள்ள கரை.

நெருலிலிருந்து ஒரு வாசகி: ஃபிளமிங்கோ பார்க்க சிவ்ரிவரை போனோம். வெறும் சேறுதான் இருந்தது. தூரத்தில் ஏதோ வெள்ளைப் புள்ளிகள். எல்லாரும் போடும் அந்த இளஞ்சிவப்பு போட்டோ எல்லாம் எங்கே எடுத்தது?

நீங்கள் போனபோது கடல் முழுக்க வற்றியிருந்திருக்கும். அப்போது பறவைகள் தண்ணீர் விளிம்பைத் தேடி வெகுதூரம் போய்விடும். முழுக்க ஏறிவிட்டாலும் பயனில்லை, சேறு மூழ்கிவிட்டால் மேய இடமில்லாமல் கிளம்பிவிடும். கடல் பாதி ஏறி, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது போய் நில்லுங்கள். தண்ணீர் ஏற ஏறக் கூட்டமும் கரையை நோக்கி நகர்ந்து வரும், சில நாள் போன் கேமராவுக்கே அகப்படும்.

அதோடு நீங்கள் இருப்பது நெருல், சிவ்ரிக்கு எதற்கு வந்தீர்கள்? உங்கள் பக்கத்திலேயே டிபிஎஸ் ஏரி இருக்கிறது, சிவ்ரிக் கரையில் சேறு மூழ்குகிற நேரத்தில் பறவைகள் ஒதுங்கும் நீர்நிலைகளில் அதுவும் ஒன்று. கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் ஐரோலியில் வனத்துறை படகு விடுகிறது, தானே கழிமுகத்துக்குள் கூட்டிக்கொண்டு போவார்கள். 2015-ல் சரணாலயமாக அறிவித்த இடம் அது, 2022-ல் ராம்சர் எனப்படும் சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. படகும் கடல் ஏற்றத்தைப் பொறுத்துத்தான் என்பதால் நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். நவம்பரிலிருந்து மே மாதம்வரை பார்க்கலாம், ஜனவரிக்குப் பிறகு கூட்டம் அதிகம். சாம்பல் நிறத்தில் இருப்பவை குஞ்சுகள், அந்த இளஞ்சிவப்பு நிறம் பாசி சாப்பிட்டுச் சாப்பிட்டு வருவது. பிள்ளைகள் கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

தாராவி, 90 அடி சாலையிலிருந்து ஒரு வாசகர்: ஐந்து பேர் குடும்பம். எங்கே போனாலும் டிக்கெட், சாப்பாடு, டாக்சி என்று ஆயிரத்தைத் தாண்டுகிறது. மால் என்றால் பிள்ளைகள் கேட்பதை வாங்கித் தர முடியவில்லை, மனசு கஷ்டமாக இருக்கிறது.

மால் வேண்டாம் அண்ணா. பொருள் வாங்குவதற்காகக் கட்டிய இடத்தில் வாங்காமல் சுற்றுவது பிள்ளைகளுக்கும் கஷ்டம், அதைப் பார்ப்பது உங்களுக்கும் கஷ்டம். இந்த நகரத்தின் நல்ல இடங்கள் பலவும் இலவசம், இல்லையென்றால் அதற்குக் கிட்டத்தட்ட.

சாயங்காலம் ஒன்றிரண்டு மணி நேரம்தான் என்றால் உங்கள் வீட்டிலிருந்து நடந்தே சயான் கோட்டை. 1670-களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கட்டியது, அவர்கள் பம்பாய்க்கும் போர்த்துக்கீசியரின் சால்செட் தீவுக்கும் எல்லை அதுதான். இடிந்துதான் கிடக்கிறது, ஆனாலும் மேலே ஏறினால் கழிமுகம், உப்பளம், ரயில் தண்டவாளம் எல்லாம் ஒரு சுற்றில் தெரியும். கீழே தோட்டம். மழை பெய்து ஓய்ந்த பிறகு போனால் காற்று சுத்தமாகி வெகுதூரம் தெரியும், படிதான் வழுக்கும்.

முழு நாள் என்றால் சி.எஸ்.எம்.டி., அதாவது பழைய வி.டி. ஸ்டேஷனில் போய் இறங்கி, வெளியே வந்து, எதிர்ப்பக்கம் நின்று அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். தினமும் அவசரமாக ஓடிக் கடக்கும் இடம்தான், ஆனால் கூரை ஓரத்தில் குரங்கு, மயில், பல்லி என்று கல்லில் செதுக்கியிருப்பதை நின்று பார்த்தவர்கள் குறைவு. யார் அதிகமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் போட்டி வையுங்கள். அப்புறம் 115-ஆம் எண் இரட்டை மாடி பஸ், இப்போது மின்சார ஏசி வண்டி. மேல்தளத்தில் முன் சீட்டுக்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள், கிடைக்காவிட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள், அவசரம் என்ன இருக்கிறது. என்.சி.பி.ஏ. கலையரங்கம் பக்கம் கடைசி நிறுத்தம், இறங்கினால் கடல். மழை வந்தால் காலா கோடாவில் ஜஹாங்கீர் ஓவியக் கூடம் இருக்கிறது, 1952-லிருந்து இருக்கிறது, உள்ளே போகக் காசு இல்லை. நமக்கெல்லாம் விடுவார்களா என்று தயங்க வேண்டாம், எல்லாருக்குமான இடம். ஓவியர் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் ஏதாவது கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

கொஞ்சம் டிக்கெட் செலவு செய்வதாக இருந்தால் அந்தக் காசை ஒர்லி நேரு சயின்ஸ் சென்டருக்கு வையுங்கள். பூமிக்கு அடியில் போகும் அக்வா லைன் மெட்ரோ தாராவியில் நிற்கிறது, சயின்ஸ் சென்டர் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. தொடாதே என்று யாரும் விரட்டாத இடம். கண்ணாடி, காந்தம், கப்பி என்று எல்லாவற்றையும் பிள்ளைகளே இழுத்து, சுழற்றிப் பார்க்கலாம், வெளியே பூங்காவில் பழைய நீராவி எஞ்சின். வீட்டிலிருந்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், ஐந்து பேர் சாப்பாட்டுச் செலவு அதோடு போயிற்று.

பாண்டுப்பிலிருந்து ஒரு வாசகி: ஆகஸ்டில் எலிஃபன்டா போகலாமா?

நவம்பருக்குப் பிறகு போங்கள். மழையில் கடல் முரட்டுத்தனமாக இருக்கும், எச்சரிக்கை வந்தால் கேட்வேயில் படகை நிறுத்திவிடுவார்கள், போன பிறகு வானம் மாறினால் திரும்பும் பயணம் ஒரு மணி நேரமும் குமட்டல்தான். போகும்போது லைஃப் ஜாக்கெட்டை எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள், 2024 டிசம்பரில் நடந்த எலிஃபன்டா படகு விபத்தை மறந்துவிடக் கூடாது. குகைக்கு 120 படிகள் வாக்கில் ஏற வேண்டும், உள்ளே சுமார் 20 அடி உயரத்தில் மூன்று முக சதாசிவம்.

ஆகஸ்டில் குகைதான் வேண்டுமென்றால் போரிவலி தேசியப் பூங்காவுக்குள் கான்ஹேரி. நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள், மழையில் பார்ப்பதற்கென்றே இருப்பவை. பிக்குகள் பாறையிலேயே வாய்க்காலும் தொட்டியும் வெட்டி, ஒவ்வொரு குகைக்கும் தண்ணீர் சேமித்திருக்கிறார்கள். கோடையில் போனால் அது வெறும் பள்ளமாகத் தெரியும். மழை பெய்துகொண்டிருக்கும்போதுதான் எந்த வாய்க்கால் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று கண்ணெதிரே ஓடிக் காட்டும். பாறை வழுக்கும், குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும். எலிஃபன்டா, கான்ஹேரி இரண்டுக்கும் திங்கள் விடுமுறை, ஒர்லி நேரு கோளரங்கத்துக்கும் அப்படியே.

வாஷியிலிருந்து ஒரு அம்மா: ஒரு வயதுக் குழந்தை. மே மாத வெயிலிலும் அக்டோபர் வெயிலிலும் வெளியே எடுத்துப்போகவே பயமாக இருக்கிறது.

காலை ஏழு மணிக்குப் போய் பத்துக்கு வீடு, அல்லது ஐந்துக்கு மேல். நடுவில் வேண்டாம். இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் குழந்தையை வாட்டும், வியர்வை காயாது. கடற்காற்று மதியத்துக்குப் பிறகுதான் வீசத் தொடங்கும், அதனால் கடற்கரையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் போயே ஆக வேண்டுமென்றால் கோட்டைப் பகுதியில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலய் அருங்காட்சியகம். 1922-ல் திறந்தது, கல் சுவர் கனம் என்பதால் உள்ளே சூடு குறைவு, குழந்தைகளுக்கென்றே தனிக் கூடமும் வளாகத்தில் இருக்கிறது. பால் கொடுக்க இடம் எது என்று டிக்கெட் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

கல்யாணிலிருந்து: ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாமா?

முந்தின நாளே மெகா பிளாக், அதாவது பராமரிப்பு வேலைக்காக ரயிலை நிறுத்துவது, எந்த லைனில், எந்த நேரம் என்று பார்த்துவிட்டு. பெரும்பாலும் பதினொன்றிலிருந்து நாலுவரை. அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எப்போதும் ஒதுங்கிவிடுகிறார். ஆசை இருப்பது முகத்தில் தெரிகிறது.

பெரியவர்கள் வரமாட்டேன் என்பதற்கு முழங்கால் மட்டும் காரணம் இல்லை. நடுவழியில் பாத்ரூம் போக வேண்டியிருந்தால் என்ன செய்வது, நம்மால் பிள்ளைகளின் சந்தோஷம் கெடுமே, இந்த இரண்டும்தான். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்களே முந்திக்கொண்டு, இந்த இடத்தில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது, இங்கே உட்கார நாற்காலி இருக்கிறது, நீங்கள் களைத்தால் நான் உங்களோடு இருக்கிறேன், அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார் என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். பெரிய அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலி கேட்டால் கொடுக்கிறார்கள், ஆனால் அம்மாவிடம் முதலிலேயே அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தூரமாகப் போக வேண்டாம். உங்கள் பேட்டையே போதும். மழை இல்லாத காலையில் பூக்கடை வரிசை, ஆஸ்திக சமாஜம், சங்கர மடம், அப்புறம் ஒரு ஃபில்டர் காபி. ஞாயிறு காலையில் ஹோட்டல் வாசலில் பெயர் எழுதி வைத்துவிட்டுக் கூட்டத்தோடு நிற்க வேண்டியிருக்கும் என்பதால் வாரநாளாகப் பாருங்கள். சாயங்காலம் ஷண்முகானந்தா அரங்கத்தில் கச்சேரி ஏதாவது இருந்தால் அதுவும் வெளியே போவதுதானே, மழை என்றாலும் உள்ளே உட்கார்ந்து கேட்கலாம். டிக்கெட் எடுக்கும்போது ஓர சீட்டாக, படி ஏற வேண்டாத வரிசையாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் கிங்ஸ் சர்க்கிள் தண்ணீர் நிற்கும் இடம் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளில் கனமழை எச்சரிக்கை இருந்தால் கச்சேரி முடிந்து நள்ளிரவு ஏற்றம் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அப்படியே வழியில் தேங்கிய தண்ணீரில் யாராவது கால் வைத்துவிட்டால், குறிப்பாகக் காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால், வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியதோடு விடாமல் மூன்று நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் மறுநாளே போய்விடுங்கள்.